செந்தாரும்: ஊர் பூட்டிய ஏரி மீனைக் காக்குமா?

ஆத்தங்கரை
இந்தோனேசியா, மேற்குக் கலிமந்தானில் உள்ள டானாவ் செந்தாரும் ஏரிகள் பற்றிய பேச்சு இது. 1999இல் தேசியப் பூங்கா ஆனது, 1,32,000 ஹெக்டேர். அங்கே ஈபான் டயாக் பழங்குடியினரின் நீள்வீட்டு ஊர்கள் (பல குடும்பங்கள் ஒரே நீள வீட்டில் வாழும் ஊர்கள்) சில ஏரிகளில் மீன்பிடியைத் தடுத்து வைத்திருக்கின்றன. ‘டானாவ் லிண்டுங்’, அதாவது காப்பு ஏரி என்பார்கள். மெலியாவ் ஊர் இதற்குத் தெரிந்த உதாரணம். இதனால் பெரிய பலன் இல்லை என்கிறேன். செந்தாரும் ஒரே ஏரி இல்லை. காபுவாஸ் ஆறு பெருகினால் வெள்ளம் எதிரேறி, ஏரிகளும் காடும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும். மீன் காட்டுக்குள் மேயப் போகும். வடியும்போது ஆற்றுக்கு இறங்கும். அங்கே ஜெர்மால் வலை விரித்திருக்கும். வாய் அகலமாக, மடி கொசுவலை போல. சுண்டுவிரல் நீளக் குஞ்சுகூடத் தப்பாது. ஒரு மடுவைப் பூட்டி என்ன செய்ய?

சதுப்புநிலம்
வடிகிற எல்லா மீனும் ஆற்றுக்குப் போவதில்லை, ஆத்தங்கரை. நீர்மட்டம் ஆண்டுக்குள் 12 மீட்டர் வரை ஏறி இறங்கும் இடம் அது. கடும் வறட்சியில் பல ஏரிகள் வெடித்த சேறாகிவிடும். மிஞ்சுவது ஆழமான மடுக்கள்தான். அடுத்த வெள்ளத்துக்கு முட்டையிட வேண்டிய தாய்மீன் அத்தனையும் அங்கே நெருக்கியடித்து நிற்கும். டோமான் நம் விரால் இனம். மூச்சுக்கு மேலே வந்தே ஆக வேண்டும், ஈட்டிக்காரனுக்கு அது போதும். அந்தச் சில வாரங்களைக் காத்தால் ஆண்டையே காத்த மாதிரி.

அரோவானா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை சில டஜன்தான். ஆண்மீன் அவற்றை வாயிலேயே வைத்து அடைகாக்கும். குஞ்சு வேண்டுமென்று அதைப் பிடித்து வாயைத் திறந்தால் அந்த ஈற்று முழுவதும் போச்சு. இதற்கு ஆளில்லாத மடுதான் மருந்து.

தூண்டில்
இரண்டு பேரும் விஷத்தையும் மின்சாரத்தையும் விட்டுவிட்டீர்கள். துபா என்ற விஷ வேரை இடித்துக் கரைத்து மீன் பிடிப்பது ஈபான்களின் பழைய முறை. ஓடும் ஆற்றில் சாறு நீர்த்துப்போகும். கோடை மடுவில் தண்ணீர் நகராது. விஷம் வெயிலில் சிதைய நாளாகும், அதற்குள் குஞ்சு, இறால் எல்லாம் செத்து மிதக்கும். பாட்டரி ஷாக் வேறு மாதிரி: உடல் நீளமானால் அடி பலமாக விழும், அதனால் முதலில் சாய்வது தாய்மீன். இரண்டும் இந்தோனேசியாவின் 2004ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். ஆனால் நீள்வீட்டின் துவாய் ரூமா, அதாவது வீட்டுத் தலைவர், கூட்டம் போட்டு விதிக்கும் அதாத் (ஊர் வழக்கச் சட்டம்) அபராதம் மறுநாளே கையில் விழும், நீதிமன்ற வழக்கு அப்படி விழாது.

ஆத்தங்கரை
அபராதம் யாருக்கு? செந்தாருமில் பெரும்பாலான மீனவர்கள் மலாய்க்காரர்கள். அவர்களுக்குத் தனி மீனவர் தலைவர், தனி விதி. ஈபான் அதாத் அவர்களைக் கட்டாது.

சதுப்புநிலம்
அது உண்மை, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் எல்லையை இரு தரப்பும் சேர்ந்து நட வேண்டும். வறட்சியில் முளைக்குச்சி நட்டால் வெள்ளத்தில் முழுகிவிடும். வெள்ளக்கோட்டுக்கு மேலே நிற்கிற மரத்தில் அடையாளம் வையுங்கள். ஏரி வாயில் ஒரு குடிசை, இரவுக்காவல் முறைவைத்து. தண்ணீர் இறங்கும் மாதங்களில் காவல் விட்டுப்போனால் மற்ற மாதத்துக் காவல் வீண்.

ஆத்தங்கரை
சரி, மடுவைக் காக்கட்டும். கூண்டில் வளர்க்கும் டோமானுக்கு என்ன சொல்கிறீர்கள்? ஒரு கிலோ டோமான் வளர்க்கப் பல கிலோ பொடிமீன் போட வேண்டும். அந்தப் பொடிமீன் ஜெர்மாலில் இருந்துதான் வருகிறது. ஏரியைப் பூட்டுகிற ஊரிலேயே கூண்டும் மிதந்தால்?

தூண்டில்
அப்படியானால் காப்பு ஏரி விதியில் ஜெர்மால் வலையின் மடிக்கண் அளவும் வீட்டுக்கு இத்தனை கூண்டு என்ற வரம்பும் சேர வேண்டும். ஏரி எல்லையோடு நிற்கிற விதி பாதி விதி.