பி.ஆர்க் முடிச்சாச்சு, 3டி ரெண்டரிங் பக்கம் போலாமா?

வணக்கம் மக்களே, கடலூர் மஞ்சக்குப்பம் நான். இந்த வருஷம்தான் பி.ஆர்க் (ஆர்க்கிடெக்சர் டிகிரி) முடிச்சேன். சைட்ல நின்னு கம்பி எண்றதவிட ரெண்டரிங் பண்றதுலதான், அதாவது கட்டடத்த கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணி நெஜ போட்டோ மாதிரி படமா எடுக்குறதுலதான், மனசு போகுது. அப்பா "அஞ்சு வருஷம் படிச்சிட்டு படம் காட்டப் போறியா"ன்னு கேக்குறாரு, சரி அது கெடக்கட்டும்.

மாடல் பண்ற ஸ்கெட்ச்அப், ரெண்டர் எடுக்குற வி-ரே ரெண்டு சாஃப்ட்வேரும் ஓரளவு வரும். பாண்டி ரோமன் ரோலண்ட் தெருவுல ஒரு பழைய வீட்டு தாழ்வாரத்த போட்டோ எடுத்துட்டு வந்து மாடல் பண்ணேன், அந்த மஞ்ச சுண்ணாம்பு சுவர் மட்டும் எப்படி பண்ணாலும் பிளாஸ்டிக் பக்கெட் மாதிரியே பளபளன்னு வருது, பளபளப்ப கொறைக்க ரஃப்னெஸ் ஏத்திப் பாத்தேன், மேடுபள்ளம் தெரிய பம்ப் மேப் போட்டேன், அப்புறமும் வெயில் பட்ட எடம் செத்துப்போய்தான் இருக்கு. லேப்டாப்ல 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு), அதுல ரெண்டர் போட்டா மெமரி பத்தலன்னு நின்னுடுது, சிபியுல போட்டா ராத்திரி பூரா மிக்ஸி ஓடுற சத்தம்.

இப்ப என் குழப்பம், காசு கட்டி வாங்குற 3டிஎஸ் மேக்ஸ் சாஃப்ட்வேர் கத்துக்கணுமா இல்ல ஃப்ரீயா கெடைக்குதேன்னு பிளெண்டர்லயே உக்காந்துடலாமா? பாண்டில ஒரு ஆபீஸ்ல கேட்டேன், மூணு மாசம் சம்பளம் இல்லாம வா பாக்கலாம்னாங்க, பஸ் காசுக்கே கட்டாது. வீட்லேர்ந்தே வேலை எடுத்து பண்றவங்க இருந்தா, ஒரு இன்டீரியர் வியூவுக்கு எவ்ளோ கேக்குறீங்க, எத்தன கரெக்‌ஷன் வரைக்கும் சும்மா பண்ணித் தர்றீங்கன்னு சொல்லுங்க. போர்ட்ஃபோலியோவுக்கு அடுத்து பாண்டி அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டே விடுதி இருக்கே, அதோட அந்த லூவர் (காத்து வர்றதுக்கு வரிசையா வச்ச பட்டைங்க) பண்ணலாம்னு இருக்கேன். அந்த சுவர் மேட்டருக்கும் யாராவது வழி சொல்லுங்கப்பா.