டிரெய்னர் காட்டும் வாட்ஸ் உண்மைதானா? உதவி தேவை

தக்கலை_சைக்கிள்:
வணக்கம். மூன்று மாதங்களாக ஸ்விஃப்டில், அதாவது வீட்டிலிருந்தே இணையவழியில் சைக்கிள் ஓட்டும் செயலியில், பந்தயம் ஓட்டுகிறேன். சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெய்னர் கருவி என்னுடையது பழையது. பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி வைத்து, வேக சென்சார் மாட்டியிருக்கிறேன். எடை 64 கிலோ. நேற்று 20 நிமிடப் பந்தயத்தில் என் மிதிக்கும் திறன் சராசரி 290 வாட்ஸ் என்று காட்டியது. தனியாகப் பிரிந்து போய் முதலிடம் பெற்றேன். ஒருவர் என்னை ஏமாற்றுக்காரன் என்று எழுதினார். இரவு தூக்கமே வரவில்லை. ஞாயிறுதோறும் சாலையில் உடன் ஓட்டி வரும் நண்பர்கள் வில்லுக்குறி தாண்டுவதற்குள் என்னைப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். அப்படியிருக்க, 290 எங்கிருந்து வந்தது?

கோட்டாறு_அண்ணன்:
தம்பி, உன் டிரெய்னர் வாட்ஸை அளக்கவே இல்லை. சக்கரத்தின் வேகத்தை வைத்து ஊகிக்கிறது. உருளை டயரை அழுத்திப் பிடிக்காவிட்டால் சக்கரம் லேசாகச் சுற்றும். வேகம் கூடும், வாட்ஸும் கூடும். உருளைக்குக் கீழே கறுப்புத் தூள் கிடக்கிறதா பார்.

தக்கலை_சைக்கிள்:
கிடக்கிறது அண்ணா. தரையில் விரல் வைத்தால் மை போல ஒட்டுகிறது. சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்கிறாள் என்று உருளையை டயரோடு இறுக்கும் குமிழைத் தளர்த்தியிருந்தேன்.

கோட்டாறு_அண்ணன்:
அதுதான் காரணம். கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கு. டயரில் எப்போதும் ஒரே காற்றழுத்தம் இருக்கட்டும். சரிபார்க்க கீரிப்பாறைப் பக்கம் ஓர் ஏற்றத்தில் ஏறு. உன் எடையையும் சைக்கிள் எடையையும் கூட்டி, 9.8 ஆலும் ஏறிய உயரத்தாலும் பெருக்கி, நொடிகளால் வகு. 75 கிலோ, 120 மீட்டர், 9 நிமிடம் என்றால் 163 வாட்ஸ். காற்றுக்கும் டயர் உரசலுக்கும் சுமார் 30 சேர்த்துக்கொள். ஆரல்வாய்மொழிப் பக்கம் மட்டும் போகாதே; கணவாய்க் காற்று கணக்கையே புரட்டிவிடும்.

குளச்சல்_கரை:
விளையாட்டுதானே, விட்டுவிடுங்கள்.

மார்த்தாண்டம்_அக்கா:
எப்படி விடுவது? இரண்டாவதாக வந்தவரும் 20 நிமிடம் வியர்வை சிந்தித்தானே வந்தார்? 2020-இல் நடந்த முதல் உலக இணையவழி சைக்கிள் போட்டியில் எல்லோருக்கும் ஒரே வகை டிரெய்னர் கொடுத்ததும் இதற்காகத்தான். தம்பி, பந்தயத்தன்று காலையில் எடை பார்த்து அதையே பதிவு செய்யுங்கள். உயரத்தையும் சரியாகக் கொடுங்கள்; அதை வைத்துத்தான் காற்றுத் தடையைக் கணக்கிடுகிறார்கள். இதுவரை முன்னால் தனியாகவே ஓட்டியிருக்கிறீர்கள். இனி கூட்டத்துக்குள் ஒளியப் பழகுங்கள், முன்னால் போகிறவர்கள் காற்றை மறைப்பதாகச் செயலி கணக்கிடுவதால் ஏறத்தாழ கால் பங்கு உழைப்பு மிச்சமாகும். தொடக்கத்துக்கு முன்பே மிதித்துக்கொண்டிருங்கள். ஏற்றத்தின் உச்சியில் எல்லோரும் காலைத் தளர்த்துவார்கள். அங்கே பத்து நொடி கூடுதலாக அழுத்துங்கள், கூட்டம் உங்களை விட்டுப் போகாது.

தக்கலை_சைக்கிள்:
இறுக்கி ஓட்டினேன்: 205 வாட்ஸ். ஏற்றத்துக் கணக்கிலும் 195 வந்தது. என் பெயரை முடிவிலிருந்து நீக்கும்படி அமைப்பாளர்களுக்கு எழுதிவிட்டேன். அந்த இரண்டாமவரிடம் மன்னிப்பும் கேட்டேன். இன்றைய பந்தயத்தில் 31-ஆவது இடம். கடைசி வரை கூட்டத்தோடுதான் இருந்தேன் அக்கா. சத்தத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள், கீழே தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் குறையுமா?