துள்ளும் நாயை வேறு வீட்டுக்குக் கொடுப்பது சரியா?

அரைத்தூக்கம்:
டிங்குவைக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்தோம். இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. வீட்டில் அப்பா கம்பு ஊன்றி நடப்பவர். கதவுச் சத்தம் கேட்டதும் டிங்கு பாய்ந்து வந்து அவர் மார்பில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைக்கிறது. கடிப்பதில்லை, எல்லாம் விளையாட்டுதான். ஆனால் போன வாரம் அவர் கையில் சுவர் அகப்பட்டதால் விழாமல் தப்பினார். சோபாவின் பஞ்சு முழுக்கத் தரையில். காலையும் மாலையும் வாக்கிங் போகிறோம், நாக்கு தொங்குமளவுக்குப் பந்து எறிகிறோம். திரும்பி வந்ததும் பழைய கதைதான். நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாலாட்டி:
கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு முறை வீடு இழந்த நாய் அது. இந்த வயதில் நாய்கள் இப்படித்தான் இருக்கும். 2020இல் பயாலஜி லெட்டர்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை 5 மாத வயதிலும் 8 மாத வயதிலும் சோதித்தார்கள். 8 மாதத்தில், 'உட்கார்' என்று வளர்ப்பவர் சொன்னால் முன்பைவிடக் குறைவாகவே கேட்டன. அதையே முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்டன! மனிதப் பிள்ளைகளின் விடலைப் பருவம் மாதிரியே. அது கடந்து போகும். கடக்கும் முன்பே கைகழுவுவதால்தான் காப்பகங்களில் இந்த வயது நாய்கள் நிறைய நிற்கின்றன.

பழைய ரேடியோ:
வாலாட்டி, ஆய்வெல்லாம் சரி. அந்த ஆய்வுக் குட்டிகளின் வீட்டில் கம்பு ஊன்றிய பெரியவர் இருந்தாரா? நாய்க்குப் பொறுப்பு வரும்வரை அவருடைய இடுப்பெலும்பு காத்திருக்காது. வயதானவர் விழுந்து இடுப்பு முறிந்தால் அப்புறம் படுக்கைதான். நாய் மேல் பாசம் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொருந்தாத வீட்டில் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளெல்லாம் "வேண்டாம், கீழே இறங்கு" என்று கத்துவதும் பாசம் கிடையாது.

வாலாட்டி:
அப்பாவின் பாதுகாப்புதான் முதல் வேலை, அதில் நமக்குள் சண்டையே இல்லை. அதற்கு நாயை அனுப்பித்தான் ஆகவேண்டுமா? குழந்தைகள் மாடிப்படி ஏறாமல் இருக்கப் போடுவார்களே, அந்தத் தடுப்பை நடையின் குறுக்கே போடுங்கள். அப்பா எழுந்து நடக்கும் நேரத்தில் டிங்கு அதற்கு அந்தப் பக்கம். இதை இன்றைக்கே செய்யலாம்.

அடுத்தது பந்து. தினமும் மூச்சு வாங்க ஓடவிட்டால் நாய் அடங்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். உடம்புக்குத் தெம்பு கூடுகிறதே தவிர அடக்கம் வருவதில்லை. பந்து எறிந்தே பழகிய நாய்க்குப் பரபரப்பே பழக்கமாகிவிடும். வாக்கிங்கில் மூக்குக்கு வேலை கொடுங்கள். கயிறு நீளமாக இருக்கட்டும், ஒரே மரத்தடியை அது பத்து நிமிடம் முகர்ந்தாலும் இழுக்காதீர்கள். உலர்தீனியைக் கிண்ணத்தில் போடுவதற்குப் பதில் புல்லில் இறைத்துவிடுங்கள். ஒவ்வொன்றாகத் தேடித் தின்று முடிக்கும்போது தானே சோர்ந்து படுக்கும்.

தூக்கத்தையும் பாருங்கள். வளர்ந்த நாயே நாளில் பாதியைத் தூங்கிக் கழிக்கும், இளசுக்கு அதற்கும் மேலே வேண்டும். சாயங்காலம் கண்மண் தெரியாமல் ஓடிச் சோபாவைக் கிழிக்கும் நாய் பல நேரம் தூக்கம் கெட்ட நாய்.

பழைய ரேடியோ:
எழுதுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பகலில் வேலைக்குப் போகிற வீட்டில் புல்லில் தீனி இறைத்து, மரத்தடியில் காத்து நின்று, தூங்கவைத்து... யார் செய்வது? கடைசியில் அந்த அப்பாதான் தடுப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

அரைத்தூக்கம்:
ரேடியோ அண்ணா, அதுதான் நிலவரம். பகலில் அப்பாவும் டிங்குவும் மட்டும்தான். கருத்தடை செய்தால் அடங்கும் என்று ஒருவர் சொன்னாரே, அது உண்மையா?

காப்பகத் தொண்டன்:
கருத்தடை செய்யவேண்டியதுதான், ஆனால் துள்ளல் அதனால் குறையும் என்று நம்பிச் செய்யாதீர்கள். ஆள் மேல் பாய்வதும் பொருளைக் கடித்துக் குதறுவதும் பழக்கமும் வயதும் சார்ந்தவை. காது வலி, தோல் அரிப்பு இருந்தாலும் நாய் நிலைகொள்ளாது என்பதால் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். சோபா எப்போது கிழிகிறது? நீங்கள் வெளியே போன கொஞ்ச நேரத்தில் கதவு, ஜன்னல் ஓரமாகப் பிறாண்டி, எச்சில் ஒழுக அலைந்தால் அது தனிமை பயம். அதற்கு வைத்தியம் வேறு. போனில் வீடியோ வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

கொடுப்பதைப் பற்றி. வாலாட்டி கோபிக்கவேண்டாம், நாய் திரும்பி வருவதைக் காப்பகத்தில் இருக்கும் நாங்கள் குற்றமாகப் பார்ப்பதில்லை. கோபம் வருவது நாய் எங்கே போனது என்றே தெரியாமல் போகும்போதுதான். தத்தெடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் படியுங்கள். வளர்க்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்று பல காப்பகங்கள் அதில் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் நீங்களாக வேறு ஆளிடம் கொடுக்கக்கூடாது. "இலவசம், நல்ல வீட்டுக்கு" என்று விளம்பரம் மட்டும் போடவே போடாதீர்கள். யார் வேண்டுமானாலும் வருவார்கள், எதற்காக வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

காப்பகம் சம்மதித்து நீங்களே வீடு தேடினால், போய் அந்த வீட்டைப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது நாயைக் காட்டுங்கள். முதலில் சில வாரம் சோதனையாக இருக்கட்டும், ஒத்துவராவிட்டால் உங்களிடமே திரும்பும் என்று பேசிவையுங்கள். தடுப்பூசி அட்டையைக் கூடவே கொடுங்கள். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தால் அதன் பதிவில் புதியவர் பெயரும் போன் எண்ணும் ஏறவேண்டும். பலர் இதை மறக்கிறார்கள், நாய் தொலைந்தால் போன் பழைய வீட்டுக்கு வரும்.

வாலாட்டி:
தொண்டரே, இவ்வளவு நிதானமாக யார் செய்கிறார்கள்? முக்கால்வாசிப் பேர் "குழந்தை பிறக்கப் போகிறது", "அலர்ஜி" என்று ஏதோ சொல்லி ஒரே நாளில் கைமாற்றிவிடுகிறார்கள். நான் எதிர்ப்பது அதைத்தான். அதோடு, புது வீட்டுக்குப் போனாலும் நாய் அதே நாய்தான். பழகச் சில மாதம் ஆகும். அந்த மாதங்களை இங்கேயே கொடுத்துப் பார்த்தால் என்ன?

பழைய ரேடியோ:
பகலெல்லாம் ஆள் இருக்கும் வீடு, ஓட இடம், துணைக்கு இன்னொரு நாய் என்று கிடைத்தால் அங்கே அந்த மாதங்கள் சீக்கிரம் நகரும். இங்கே ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கு ஆபத்து.

அரைத்தூக்கம்:
முதலில் தடுப்பும் மருத்துவரும். காப்பகத்திலும் பேசுகிறேன். அவர்கள் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் வீடு ஏதாவது காட்டினால் அப்பா மறுக்கமாட்டார். தொண்டரே, டிங்குவைப் பற்றி எழுதிக் கேட்டால், அது அப்பா மேல் பாய்ந்ததையும் எழுதவேண்டுமா? அதைப் படித்துவிட்டு யார் வருவார்கள்?

காப்பகத் தொண்டன்:
முதல் வரியிலேயே எழுதுங்கள். "சுறுசுறுப்பானது" என்று பூசி மெழுகினால் இன்னொரு பெரியவர் இருக்கும் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். கொஞ்ச நாளில் திரும்பியும் வரும். ஆள் மேல் ஏறும், சோபா கிழிக்கும், கடித்ததில்லை, முதியவர்களோ சின்னக் குழந்தைகளோ இருக்கும் வீட்டுக்கு ஒத்துவராது. இவ்வளவையும் படித்த பிறகு போன் செய்கிறவர் இரண்டே பேர் என்றாலும் போதும். வீடியோ எடுத்தால் இங்கே போடுங்கள், தனிமை பயமா இல்லையா என்று பார்த்துச் சொல்கிறேன்.