வேதாகமம் கையில் இல்லாதபோது வந்து நின்ற வசனம்: உங்கள் அனுபவம்?

எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் போனபோது நடந்தது இது. கைபேசி, மோதிரம், கண்ணாடி எல்லாவற்றையும் வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டிக் குழாய்க்குள் தள்ளினார்கள். மூக்குக்கு மேலே நாலு விரல் இடம்கூட இல்லை. காதை அடைத்திருந்தும் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம். 40 நிமிஷம் அசையக் கூடாதாம். ஐந்தாவது நிமிஷமே, கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி "வெளியே எடுங்கள்" என்று கத்திவிடலாமா என்று இருந்தது.

ஜெபிக்கப் பார்த்தேன். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்போது தானாக வந்தது வேதாகமத்தின் 23ஆம் சங்கீதம், தாவீதின் பாட்டு. ஞாயிறு பள்ளியில் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு இடத்துக்கு ஓடின சங்கீதம். குழாய்க்குள் எங்கே ஓடுவது? ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். மூன்றாவது சுற்றிலோ நாலாவதிலோ ஒன்று உறைத்தது. "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்று ஆண்டவரைப் பற்றி வேறு யாரிடமோ சொல்வது போலத்தான் முதல் மூன்று வசனமும் போகிறது. நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்". பள்ளத்தாக்குக்குள் நேராக அவரிடமே பேச ஆரம்பித்துவிடுகிறார் தாவீது. 30 வருஷமாக மனப்பாடம், இதைக் கவனித்ததே இல்லை. (தேவரீர் என்றால் மரியாதையாக 'நீர்' என்பதுதான். சின்ன வயதில் அது யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்திருந்தேன். அது வேறு கதை.)

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். உள்ளங்கை வேர்த்தபடிதான் கிடந்தேன். ஆனால் பந்தை அமுக்கவில்லை. உங்களுக்கும் இப்படி உண்டா? எழுதுங்கள்.

*

சகோதரி, உங்கள் குழாயைப் படித்ததும் எனக்கு, பெரிய மீன் விழுங்கின யோனா தீர்க்கதரிசிதான் ஞாபகம் வந்தார். மீன் வயிற்றில் ஏது வேதச் சுருளும் விளக்கும்? ஆனால் யோனா 2ஆம் அதிகார ஜெபத்தை எடுத்துப் பாருங்கள், சங்கீத வாசனை அடிக்கும். அலைகள் எல்லாம் என்மேல் புரண்டது என்று அவர் சொல்வது ஏறக்குறைய அப்படியே சங்கீதம் 42:7இல் இருக்கிறது. சிலுவையில் ஆண்டவர் கூப்பிட்டதும் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரிதானே.

என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் புரளுவேன். 121ஆம் சங்கீதம் சொல்ல ஆரம்பித்தேன், எட்டே வசனம். "உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்று நாலாம் வசனம் வரும்போது நான் தூங்கியிருப்பேன். கடைசி நாலு வசனம் இன்னமும் தடுமாற்றம்தான்.

*

நான் வேறு மாதிரி ஒன்று சொல்கிறேன். வசனப் போட்டிகளில் பரிசு வாங்கினவன் நான். நண்பனுடைய குழந்தை இறந்துபோனபோது, போய் உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, ரோமர் 8:28ஐச் சொல்லிவிட்டேன். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது. தடுமாறாமல், அதிகார எண்ணோடு. அவன் ஒன்றும் பேசவில்லை. எழுந்து உள்ளே போனான். வெளியே வரவில்லை. பல மாதம் என்னோடு பேச்சே இல்லை.

நாலு அதிகாரம் தள்ளி அதே ரோமரில் "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று இருக்கிறது. 12:15. அதுவும் எனக்கு மனப்பாடம்தான்! அன்றைக்கு அது நாக்குக்கு வரவில்லை.

வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் 91ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொன்னான், "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்ற துண்டை மட்டும் விட்டுவிட்டு. ஆண்டவர் மூன்று தடவையும் உபாகமப் புத்தகத்திலிருந்தே பதில் சொன்னார், 6ஆம் 8ஆம் அதிகாரங்களிலிருந்து. இதைப் படித்ததிலிருந்து ஒற்றை வசனமாகப் பிடுங்கி மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13ஐ முந்தின வசனத்தோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்ட பவுல், அதுவும் காவலில் கட்டப்பட்டிருந்தபோது, எழுதினது. பரீட்சைக்கு முன்னால் சொல்லிக்கொள்ளும் வசனமாக எனக்கு அது இப்போது தெரியவில்லை.

*

எனக்கு 50 தாண்டிவிட்டது, காலையில் படித்தது மத்தியானம் நிற்பதில்லை. பகுதியாக எப்படி மனப்பாடம் செய்கிறீர்கள்?

*

வாய்விட்டுச் சொல்லுங்கள், கண்ணால் மட்டும் படித்தால் நிற்காது. முதல் சங்கீதத்தில் "தியானமாயிருக்கிற" என்று இருக்கிறதே, அதன் எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்றும் பொருள். ஏசாயா 31:4இல் சிங்கத்தின் உறுமலுக்கும் அதே சொல்தான். நான் செய்வது: இன்றைக்கு ஒரு வசனம், நாளைக்கு அதையும் சேர்த்து இரண்டு. வார்த்தைகளின் முதல் எழுத்தை மட்டும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வேன். அப்புறம், ஒரே மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டைக் கலந்தால் குழம்பும்.

*

ஞாயிறு பள்ளியில் வசனம் கேட்டால் நான் எப்போதும் சொன்னது யோவான் 11:35. "இயேசு கண்ணீர் விட்டார்." மூன்றே வார்த்தை, வேலை முடிந்தது. வேறு சொல்லு என்பார் ஆசிரியை. மாட்டேன்.

ரோமர் 8:28 சொன்ன சகோதரரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தங்கை கணவரை இழந்தபோது என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எனக்கு அந்த மூன்று வார்த்தைதான் வந்தது. சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வசனம் என்ன அண்ணா?" என்றாள். தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் 36ஆம் வசனத்தை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

இப்போது இரண்டு பேரும் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து சேர்ந்து மனப்பாடம் செய்கிறோம், தினமும் ராத்திரி போனில். 57 வசனம். 21ஆம் வசனத்தில், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால்" என்று சகோதரனை இழந்த மார்த்தாள் இயேசுவிடம் சொல்லும் இடத்தில், தங்கையின் குரல் நின்றுவிடுகிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை. மறுநாள் திரும்பவும் முதல் வசனத்திலிருந்து ஆரம்பிக்கிறோம்.