கீழ்க் கடைவாய்ப் பல் எடுத்தபின் பக்கத்துப் பற்கள் நகர்கின்றன, இனி பிரிட்ஜ் (இரண்டு பக்கப் பற்களையும் பிடித்து நிற்கும் கட்டுப்பல்) போட முடியுமா?

நூல்கண்டு:
போன வருடம் கீழே இடது பக்கம் முதல் பெரிய கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டார்கள். ரூட் கெனால் செய்திருந்த பல், வேர் வரை விரிசல். புண் ஆறிவிட்டது, வலி இல்லை. ஆனால் இப்போது பல் எடுத்த இடத்தை விட, அதற்கு முன்னால் உள்ள இரண்டு சின்னக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவில்தான் சாப்பாடு சிக்குகிறது. முன்பு அங்கே ஃபிளாஸ் நூல் இறுக்கமாக 'டிக்' என்று இறங்கும். இப்போது தடையே இல்லை. பின்னால் இருக்கும் பல்லும் சாய்ந்தது போல நாக்குக்குத் தட்டுப்படுகிறது. இப்படியே நகர்ந்துகொண்டே போகுமா?

பல்வைத்தியன்:
இடம் காலியானதும் பின்பல் முன்னால் சாயும், அதற்கு முன்னால் உள்ள பல் பின்னால் நகரும். உங்கள் சின்னக் கடைவாய்ப் பல் பின்னால் போனதால்தான் அங்கே இடுக்கு விழுந்திருக்கிறது. ஆனால் எல்லோரும் கவனிக்காமல் விடுவது மேல் பல்லைத்தான். எதிரே கடிக்க ஆள் இல்லாததால் அது மெல்லக் கீழே இறங்கும். பற்களைக் கடித்தபடி கன்னத்தை விரலால் ஒதுக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: அந்த ஒரு பல் மட்டும் வரிசையை விட்டுத் தொங்குகிறதா?

கற்கண்டு:
எனக்கு எடுத்துப் பல வருடம் ஆகிறது, ஒரு பல்லும் அசையவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.

பல்வைத்தியன்:
அப்படியும் உண்டு. மேலும் கீழும் பற்கள் நன்றாகக் கோத்துக் கடித்தால் அதுவே பிடித்து நிறுத்திவிடும். எல்லோருக்கும் ஒரே அளவில் நகராது. ஆனால் இவருக்குத்தான் ஏற்கெனவே நகர்ந்திருக்கிறதே.

நூல்கண்டு:
பார்த்தேன். மேல் பல் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. அப்போ பிரிட்ஜ்?

பல்வைத்தியன்:
பிரிட்ஜ் மேலிருந்து ஒரே திசையில் இறங்கி உட்கார வேண்டும். அதற்கு இரண்டு பக்கப் பற்களையும் ஒரே நேராகச் செதுக்கணும். பின்பல் அதிகம் சாய்ந்திருந்தால் செதுக்குவது நரம்பு வரை போய்விடலாம். அதனால் முதலில் கிளிப் போட்டு அதை நிமிர்த்துவது உண்டு, சில மாதங்கள் பிடிக்கும். இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்) என்றால் பக்கத்துப் பற்களைத் தொட வேண்டாம். ஆனால் எலும்பின் அகலம் முதல் வருடத்திலேயே பாதி வரை குறையலாம், ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல முடியும். மேல் பல் கொஞ்சம்தான் இறங்கியது என்றால் லேசாகத் தேய்த்தே சமன் செய்துவிடுவார்கள். எது போடுவதானாலும் முடிவாகும் வரை இரவில் மாட்ட, பற்களை நகராமல் பிடித்து வைக்கும் ஒரு ரிடெய்னர் கேளுங்கள், இருக்கிற இடமாவது தங்கும். சாய்ந்த பல்லின் முன்பக்கத்தில் ஈறோரம் அழுக்கு ஒளிந்துகொள்ளும். அங்கே சின்ன இடுக்கு பிரஷ்தான் நுழையும்.

நூல்கண்டு:
சரி, ஸ்கேன் எடுக்கக் கேட்கிறேன். அதுவரை இடது பக்கம் மெல்லலாமா?

பல்வைத்தியன்:
தாராளமாக. மெல்லாமல் விட்ட பக்கத்தில்தான் காரை சீக்கிரம் படியும்.