குப்பைப் புகாரோடு நாலு ஆபீஸ் ஏறி இறங்கின அனுபவம்

ஏரிக்கரைவாசி:
"குப்பை கொட்டுகிறார்கள், எந்த ஆபீசில் புகார் கொடுப்பது?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறீர்கள். 2022-ல் நான் பட்டதை எழுதுகிறேன், யாருக்காவது இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகட்டும்.

எங்கள் பகுதி, நகராட்சி முடிந்து ஊராட்சி தொடங்கும் இடம். நடுவில் ஏரிக்கரை. ராத்திரியில் மினி லாரியில் வந்து கோழிக்கடைக் கழிவு, மண்டபத்து எச்சில் இலை, உடைத்த டைல்ஸ் எல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள், விடியும்போது யாராவது கொளுத்தியிருப்பார்கள். முதலில் நகராட்சிக்குப் போனேன். சுகாதார ஆய்வாளர் வந்தார், அதை இல்லையென்று சொல்லக் கூடாது. அங்கிருந்த கல்வெர்ட் (சின்னப் பாலம்) மேல் நின்று பார்த்துவிட்டு "இதுக்கு இந்தப் பக்கம்தான் சார் எங்க எல்லை" என்றார், இந்தப் பக்கம் கிடந்த இரண்டு மூட்டையை மட்டும் வண்டியில் ஏற்றினார்கள். மூன்றாவது மூட்டை கல்வெர்ட் மேலேயே கிடந்தது. கூட வந்தவர் அதைக் காலால் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார், என் கண்ணெதிரிலேயே!

ஊராட்சியில் கேட்டால் "ஏரி எங்களுது இல்லைங்க". ஏரியைப் பார்க்கும் பொறியாளர் ஆபீசில் கேட்டால் "கரையும் மதகும்தான் நாங்க, குப்பை அள்ள எங்ககிட்ட ஆள் ஏது?" சரி, இதற்கெல்லாம் மேலே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறதே என்று மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் உட்காரவைத்து விளக்கினார். அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி அன்றாடக் குப்பையை அள்ளுவதும், துணைவிதி போட்டு அபராதம் வாங்குவதும் உள்ளாட்சியின் வேலை. உள்ளாட்சி அதை ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்ப்பதும், குப்பையைப் பதப்படுத்தும் இடங்களுக்கு அனுமதி கொடுப்பதும்தான் வாரியத்தின் வேலை. ஊசி, மருந்துப் பை மாதிரி மருத்துவக் கழிவு என்றால் மட்டும் நேராக வாரியத்துக்கே வரலாம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால்!

ஆக, கிடப்பது என்ன குப்பை என்பது முதல் கேள்வி, கிடக்கும் நிலம் யாருடையது என்பது அடுத்தது. புல எண்ணைப் (சர்வே நம்பர்) போட்டால் அ-பதிவேடு, அதாவது நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அரசுப் பதிவேடு, இ-சேவைத் தளத்திலேயே தெரியும். எங்கள் இடம் ஏரிப் புறம்போக்கு, ஊராட்சி எல்லைக்குள். ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வரும், எங்களுடையது அந்த வகைதான். வி.ஏ.ஓ. புலப்படத்தை விரித்துப் பேனாவால் கோடு காட்டினபோது, கல்வெர்ட்டுக்கும் எல்லைக்கும் சம்பந்தமே இல்லை. எல்லை இருபதடி தள்ளிப் போகிறது.

அப்புறம்தான் ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு. "இந்தப் புல எண்ணில் குப்பை அகற்றவும் அபராதம் விதிக்கவும் பொறுப்பான அலுவலகம் எது?" என்ற ஒரே கேள்வி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப். தங்கள் வேலை இல்லையென்றால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, நமக்கும் தெரிவிக்க வேண்டும். வாயால் "எங்க எல்லை இல்லை" என்று சொல்பவர் அதையே எழுதிக் கையெழுத்துப் போடக் கொஞ்சம் யோசிப்பார். ஊராட்சி எங்கள் பொறுப்புதான் என்று பதில் எழுதியது. அந்தக் கடிதத்தோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன், மூன்றாம் வாரம் ஜேசிபி வந்தது. கொட்டுவது அடியோடு நின்றதா என்றால் இல்லை, குறைந்திருக்கிறது.

ரிடையர்டு கிளார்க்:
கோட்டாட்சியரை (ஆர்.டி.ஓ.) விட்டுவிட்டீர்கள். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டம் 152. 1980-ல் ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம், பணம் இல்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது என்று சொன்னது இந்தப் பிரிவை வைத்துத்தான். நாங்கள் சர்வீசில் இருந்தபோது இந்த மனு வந்தால் ஃபைல் கொஞ்சம் வேகமாகவே நகரும். எரிப்பதற்குத் தனியாக 2016 டிசம்பரில் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு இருக்கிறது, சாதாரணமாக எரித்தால் அபராதம் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000. போட்டோவில் தேதி, நேரம் விழுகிற மாதிரி எடுங்கள்.

தாமிரபரணி:
மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள், கையுறை போட்டுக்கொண்டு. 2024 டிசம்பரில் எங்கள் நெல்லைப் பக்கம் நடுக்கல்லூரில் மருத்துவக் கழிவைக் கொட்டினபோது, அது கேரளாவிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்ததே உள்ளே கிடந்த ஆஸ்பத்திரிக் காகிதங்கள்தான். தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, கேரளாவிலிருந்தே லாரி வந்து அள்ளிக்கொண்டு போனார்கள்.

புதுசு:
எங்கள் தெருவில் தண்டவாளத்தை ஒட்டிக் கொட்டுகிறார்கள். அங்கேயும் நகராட்சிதானா?

ஏரிக்கரைவாசி:
வேலிக்கு உள்ளேயா வெளியேயா? உள்ளே என்றால் ரயில்வே நிலம், நான் சொன்ன 2016 விதிகள் ரயில்வேக்குச் சொந்தமான பகுதிக்கும் இருந்தன, எனவே அவர்களுக்கே எழுதுங்கள். வெளியே என்றால் நகராட்சி. வேலி மேலேயே தொங்குகிறது என்றால் இரண்டு பேருக்கும் ஆர்டிஐ போடுங்கள்.