மீல்ஸ் டைம்ல டேபிள் க்ளீனிங், வேகம் வரமாட்டேங்குது

திண்டுக்கல்_தம்பி:
அண்ணே, கோயம்புத்தூர்ல ஒரு வெஜ் ஹோட்டல்ல க்ளீனரா சேந்திருக்கேன். காலைல டிபன் டைம் சமாளிச்சுடறேன், மதியம் மீல்ஸ் போர்டு வெச்சதும்தான் நாக்கு தள்ளுது. ஆளுங்க சேருக்குப் பின்னாடியே வந்து நிக்கறாங்க, எலைய எடுக்கறதுக்குள்ள உக்காந்துடறாங்க, அந்தப் பக்கம் சூப்பர்வைசர் ஏழாம் நம்பர் என்னாச்சுன்னு கத்துறாரு. தொடச்ச டேபிள்லயும் பிசுபிசுப்பு போகல. விரலிடுக்கெல்லாம் வெள்ளையா ஊறி எரியுது. என்ன பண்றது? சப்ளையர் ஆக என்ன வழி?

பழைய_சப்ளையர்:
தம்பி, ஒருத்தர் மோருக்கு வந்துட்டாருன்னா கொஞ்ச நேரத்துல எந்திரிச்சிடுவாரு, பக்கெட்டோட அந்தப் பக்கம் போய் நின்னுக்க. ஆனா அவரு எலைய மூடறதுக்கு முன்னாடி கைய நீட்டிடாத, வெரட்டுற மாதிரி இருக்கும். மொதல்ல டம்ளர், அப்புறம் எலை, ரசம் ஒழுகாம மடிச்சு அப்படியே உன் பக்கம் இழுத்து பக்கெட்ல போடு. டம்ளருக்குள்ள விரல விட்டு நாலஞ்சு ஒண்ணா தூக்கறத மட்டும் பழகிடாத, எங்க பழைய மொதலாளி அதப் பாத்தா அன்னிக்கு பேட்டாவ புடிச்சுடுவாரு.

பிசுபிசுப்புக்கு துணிதான் காரணம். காலைலருந்து ஒரே துணின்னா ஒரு டேபிள் எண்ணெய இன்னொரு டேபிளுக்கு பூசிட்டு இருக்கன்னு அர்த்தம். ஈரத்துணி ஒண்ணு காஞ்சது ஒண்ணு வெச்சுக்க, ஈரத்துணிய சோப்புத் தண்ணில அடிக்கடி அலசு. வட்டமா சுத்தாம உன் பக்கமா ஒரே இழுப்பு, பருக்கை கஸ்டமர் மடில விழக்கூடாது. சேரயும் பாரு, அத எல்லாரும் விட்டுடுவாங்க.

ஈரோடு_மெஸ்:
எலை போடறதையும் க்ளீனர் தலைல கட்டுற கடை இருக்கு, அதனால சொல்றேன், நுனி சாப்பிடறவருக்கு இடது கைப்பக்கம் வரணும், எதிர்ல நின்னு போடறப்ப அது உனக்கு வலது, புதுப் பசங்க அங்கதான் கொழம்புவாங்க. விரலிடுக்குல சேத்துப்புண்ணுதான், நைட்டு ஈரமில்லாம தொடச்சு தேங்காண்ணெய் போடு, ஆறலன்னா டாக்டர்ட்ட காட்டு. மெனுவ வெலையோட மனப்பாடம் பண்ணி வெய்யி, எவனாவது சப்ளையர் லீவு போடற அன்னிக்குதான் உனக்கு சான்ஸ்.

தேக்கா_வாசி:
இங்க சிங்கப்பூர்ல 2021 செப்டம்பர்லருந்து ஹாக்கர் சென்டர்ல (சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைங்க ஒண்ணா இருக்கற பொது எடம்) சாப்பிட்ட தட்ட நாமளே கொண்டு போய் வெக்கணும், மொத தடவ எச்சரிக்கை, ரெண்டாவது தடவ 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அப்பவும் தொடைக்கற பெரியவங்களுக்கு வேலை கொறஞ்சதா தெரியல, தட்டு போயிடுது, எலும்பும் டிஷ்யூவும் மேசைலயே கெடக்கும்.

பழைய_சப்ளையர்:
நம்மூர்ல செல்ஃப் சர்வீஸ் கடைலயே தட்ட விட்டுட்டுதான் போறாங்க! தம்பி, வார லீவு கேட்டு வாங்கிக்க, ஹோட்டல் வேலைக்குன்னே 1958லயே தமிழ்நாட்டுல தனிச் சட்டம் இருக்கு.

திண்டுக்கல்_தம்பி:
சரிண்ணே. டிப்ஸ் மொத்தத்தயும் சப்ளையரே எடுத்துக்கறாரு, கேக்கலாமா?

ஈரோடு_மெஸ்:
சில கடைல டப்பால போட்டு நைட்டு பிரிப்பாங்க. உங்க கடைல அது இல்லன்னா சூப்பர்வைசர்ட்ட போகாத, அந்த சப்ளையர்ட்டயே கேளு. தரலன்னா அடுத்த நாள் அவரு டேபிள கடைசியா எடு 😄